ஒரு டி-ஷர்ட்டில் மொரீஷியஸ் எவ்வளவு?

1970-ல் மொரீஷியஸில், ஏற்றுமதிக்காகப் பொருள் செய்யும் ஆலைகளுக்குச் சலுகை தரும் ஏற்றுமதி வலயச் சட்டம் வந்தபின் நம் வீட்டுப் பெண்கள் எத்தனையோ பேர் தையல் ஆலைகளுக்குப் போனார்கள். அவர்கள் தைத்த சட்டையில் ‘மேட் இன் மொரீஷியஸ்’ என்று இருக்கும். ஆனால் பஞ்சு கப்பலில்தான் வருகிறது. அப்படியானால் அந்த விலையில் நம் உழைப்பின் பங்கு எவ்வளவு? ஒரு தாளும் பேனாவும் போதும், கண்டுபிடித்துவிடலாம்.

படி 1: ஏற்றுமதி விலையைப் பிரித்து எழுதுங்கள். கணக்குக்காக 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இறக்குமதித் துணி 200, இறக்குமதிப் பொத்தானும் நூலும் 40, மின்சாரம் 40, உள்ளூர் அட்டைப்பெட்டியும் லாரி வாடகையும் 50, கூலி 120, லாபம் 50.

படி 2: நேரடியாக வெளியிலிருந்து வந்ததைக் கூட்டுங்கள். 240 ரூபாய், அதாவது 48 சதவீதம்.

பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள்.

படி 3: உள்ளூர் பில்களையும் திறந்து பாருங்கள். மின்சாரத்தை உள்ளூரில்தான் வாங்குகிறோம். ஆனால் அதில் ஒரு பகுதிதான் கரும்புச் சக்கையை எரித்து வருவது. நிலக்கரியும் எண்ணெயும் கப்பலில் வந்தவை. லாரிக்குப் போடும் டீசலும் அப்படியே. மின்சாரத்தில் 20, பெட்டி-லாரிச் செலவில் 25 என இறக்குமதி ஒளிந்திருப்பதாகக் கொண்டால், வெளிநாட்டுப் பங்கு 285 ஆகிறது. 57 சதவீதம்! மிச்சம் 215 ரூபாய்தான் உள்நாட்டு மதிப்பு.

பெட்டி செய்தவரும் மின்சாரம் வாங்கியிருப்பார், அதிலும் நிலக்கரி இருக்கும். இப்படிப் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கலாம். எந்தத் துறை எந்தத் துறையிடம் எவ்வளவு வாங்குகிறது என்று காட்டும் உள்ளீடு-வெளியீடு அட்டவணை இருந்தால், இந்தச் சுற்றுகள் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கூட்டிவிடலாம். அந்த வழியை வகுத்த பொருளியலாளர் வசிலி லியோன்டீஃபுக்கு 1973-ல் நோபல் பரிசு கிடைத்தது. உலக வர்த்தக அமைப்பும், பெரும்பாலும் பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியும் 2013-ல் வெளியிட்ட மதிப்புக் கூட்டல் வர்த்தகத் தரவுகளுக்கும் (ஏற்றுமதி விலையில் எந்த நாடு எவ்வளவு சேர்த்தது என்று காட்டுபவை) இதே முறைதான் அடிப்படை.

படி 4: லாபத்தை எங்கே எழுதுவது? ஆலை வெளிநாட்டவருடையது என்றாலும் அந்த 50 ரூபாய் உள்நாட்டுப் பங்கில்தான் சேரும். வங்கதேசத்திலிருந்து வந்து தைப்பவரின் கூலியும் அப்படித்தான். யாருடையது என்பதை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை, எங்கே உண்டானது என்பதை மட்டுமே பார்க்கிறது. அதனால் உள்நாட்டுப் பங்கு முழுவதும் நம் வீடுகளுக்கு வந்து சேர்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

சரி, அடுத்து ஒரு சர்க்கரை மூட்டைக்குப் போட்டுப் பாருங்கள். கரும்பு நம் மண்ணில் விளைந்ததுதான், உரத்திலிருந்து தொடங்குங்கள்.