தொங்கவிட்ட காகிதம் சுருளாமல் இருக்க

கதைப்புத்தகப் பாணியில் கிறிஸ்துமஸ் விருந்து வைக்கிறீர்களா? பழைய புத்தகத் தாள்களில் நட்சத்திரம், பறவை, காளான் என்று வெட்டுவதற்கு முன், வெள்ளைப் பசையையும் தண்ணீரையும் சம அளவு கலந்து தாளின் இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பூசுங்கள். கொடியில் கிளிப் போட்டு மின்விசிறிக்குக் கீழே காயவிட்டு, ஓர் இரவு கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்துவிட்டு, அப்புறம் வெட்டுங்கள்.

கோலாலம்பூரில் டிசம்பர் மாதம் மழையும் ஈரக்காற்றும்தான். வெறும் தாள் அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு தொய்ந்துவிடும். காய்ந்த பசை மெல்லிய பிளாஸ்டிக் படலம்போல நின்று ஈரம் ஏறுவதைக் குறைக்கிறது, தாளும் விறைப்பாகிறது. ஒரு பக்கம் மட்டும் பூசினால் காயும்போது அந்தப் பக்கமே இழுத்துச் சுருட்டிவிடும், சோம்பல் படாதீர்கள்.

'சூராட் காபார் லாமா' (மலாயில் 'பழைய நாளிதழ்') என்று கூவிக்கொண்டு வரும் பழைய பேப்பர் லாரிக்குப் போடவிருந்த பிள்ளைகளின் கிழிந்த கதைப்புத்தகங்களே இதற்குப் போதும். தீபாவளிக்கு வாங்கிய எல்இடி சரவிளக்கை நடுவில் ஓடவிட்டால் செலவு பசைக்கு மட்டும்தான்.

சாரல் அடிக்கும் பால்கனிக்கும் கார் நிறுத்தும் முகப்புக்கும் இது சரிவராது. நனைந்தால் பசை இளகிவிடும். பளபளப்பான தாளில் பசை சரியாக ஒட்டாது. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்ட தாளில் மை கரைந்து ஓடக்கூடும். மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் கட்டவே வேண்டாம், பசை பூசினாலும் காகிதம் காகிதம்தான்.