அக்ரிலிக் ஷீட்டில் காய்ந்து ஒட்டிப்போன தாளை உரிப்பது எப்படி?

அக்ரிலிக் என்பது கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக். புது அக்ரிலிக் ஷீட்டின் மேல் கீறல் விழாமலிருக்க ஒட்டியிருக்கும் தாளை ஒரு மூலையில் தூக்கி இழுத்தால் சர்ரென்று வந்துவிடும். அதே ஷீட் நாலைந்து வருடம் மொட்டைமாடி ஷெட்டில் கிடந்திருந்தால் கதை வேறு. வெயிலிலும் சூட்டிலும் பசை இறுகிப்போய், தாள் நகக்கண் அளவு துணுக்குகளாகத்தான் கிழிந்து வரும். மீன் தொட்டிக்கு மூடி செய்ய நான் எடுத்த 3 மி.மீ. ஷீட் அப்படித்தான் இருந்தது.

பிளேடு, கம்பி நார், பெயின்ட் சுரண்டி எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் அக்ரிலிக்கில் கீறல் சட்டென்று விழும். விழுந்தால் பாலிஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

படி 1: என்ன தாள் என்று பாருங்கள்

பிளாஸ்டிக் தாள் என்றால் சூடு காட்ட வேண்டும். பழுப்பு பேப்பர் என்றால் ஊறவைக்க வேண்டும்.

படி 2: பிளாஸ்டிக் தாளுக்கு

ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து ஒரு மூலையில் காட்டுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். கை பொறுக்கும் சூடு போதும். 100 டிகிரி செல்சியஸை நெருங்கினாலே அக்ரிலிக் இளக ஆரம்பித்துவிடும், அதனால் ஹீட் கன் வேண்டாம். மூலை எழும்பியதும் அதைப் பூரிக்கட்டையில் டேப்பால் ஒட்டி, கட்டையை மெல்ல உருட்டிக்கொண்டே போங்கள். கையால் இழுத்தால் ஒரு பக்கம் மட்டும் இழுபட்டுக் கிழியும். கட்டையில் சுற்றினால் அகலம் முழுக்க ஒரே சீராக வரும். பூரிக்கட்டையைத் திருப்பி வைக்கும்முன் கழுவிவிடுங்கள், இல்லையென்றால் வீட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

படி 3: பேப்பருக்கு

இதற்கு மண்ணெண்ணெய்தான் சரி. அடுப்பு, விளக்கு எதுவும் இல்லாத, காற்றோட்டமான இடத்தில், கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள். முதலில் ஒரு ஓரத்தில் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் கழித்தும் ஷீட் மங்காமல் இருந்தால், பேப்பர் முழுக்க நனைய ஊற்றி, ஆவியாகாதபடி பாலிதீன் கவரால் மூடிவிடுங்கள். இரண்டு மணி நேரம் அந்தப் பக்கம் போக வேண்டாம். பொறுமையில்லாமல் இருபதாவது நிமிடத்திலேயே திறந்தேன். மேல் பேப்பர் மட்டும் வந்தது, பசை அசையவே இல்லை.

நன்றாக ஊறியதும் கட்டை விரலால் தள்ளிப் பாருங்கள். சப்பாத்தி மாவு பிசைந்த விரலைத் தேய்த்தால் திரி திரியாக வருமே, அப்படிப் பசை திரண்டு வரும். அடம்பிடிக்கும் இடத்தைக் காலாவதியான ஏ.டி.எம். கார்டின் விளிம்பால் தள்ளலாம். மண்ணெண்ணெய் கிடைக்காதவர்கள் சமையல் எண்ணெய் தடவி ஒரு ராத்திரி விடலாம். வேலை ஆகும், மெதுவாக ஆகும்.

மண்ணெண்ணெய் பட்ட ஷீட்டில் ஹேர் டிரையர் கூடவே கூடாது.

தின்னர், அசிட்டோன், பெட்ரோல், அமோனியா கலந்த கண்ணாடி ஸ்ப்ரே எல்லாமே அக்ரிலிக்குக் கேடு. ஒருமுறை, லேசரில் வெட்டி வாங்கிய பெயர்ப்பலகையில் இருந்த பசையை நெயில் பாலிஷ் ரிமூவரால் துடைத்தேன். பசை போனது. கூடவே எழுத்தின் விளிம்பெல்லாம் மயிரிழை மயிரிழையாக வெடித்து, நடுவில் பனி மூட்டம் போல வெளுத்துவிட்டது. லேசர் சூட்டில் வெட்டிய விளிம்பில் இழுவிசை தங்கியிருக்கும். கரைப்பான் பட்டதும் அங்கேதான் முதலில் வெடிக்கும். அதனால் பழைய ஷீட்டை வெட்டக் கொடுப்பதாக இருந்தால், முதலில் உரித்துக் கழுவிவிட்டு, மேலே புதிதாக மாஸ்கிங் டேப் ஒட்டி அப்புறம் கொடுங்கள்.

படி 4: கழுவுவது

பாத்திரம் கழுவும் சோப்பு நீரைக் கையால் தடவி, எண்ணெய்ப் பிசுக்கு போகும்வரை இரண்டு மூன்று தடவை அலசுங்கள். பழைய பருத்தி பனியன் துணியால் ஒற்றி எடுங்கள். காய்ந்த ஷீட்டைத் துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறி, வீட்டுத் தூசி முழுக்க அதில் வந்து உட்காரும். தூசி படிந்துவிட்டால் ஈரத்துணிதான், உலர்ந்த துணி வேண்டாம்.