ஈஸ்ட் மரபணு ஆய்வில் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

ஈஸ்ட் ஆய்வகத்திற்கு ஆண்டுதோறும் புதிதாக வரும் மாணவர்கள், எங்கள் தலைமுறை செய்து முடித்த பிழைகளையே பிசகாமல் மீண்டும் செய்கிறார்கள். தட்டில் பெயர் எழுத மறப்பது, ஊடகத்தில் பூஞ்சை பிடிக்க விடுவது போன்றவை சில வாரங்களில் தாமே திருந்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

குளுக்கோஸிலிருந்து நேராகக் காலாக்டோஸுக்கு மாற்றுவது

காலாக்டோஸால் தூண்டப்படும் கேல்1 புரமோட்டரைக் (மரபணுவை இயக்கிவைக்கும் டி.என்.ஏ. பகுதி) கொண்டு ஒரு மரபணுவை இயக்க விரும்புபவர்கள், இரவு முழுவதும் செல்களைக் குளுக்கோஸில் வளர்த்துவிட்டு, காலையில் காலாக்டோஸுக்கு மாற்றி, ஒரு மணி நேரத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்று முறையிடுகிறார்கள். குளுக்கோஸ் இருக்கும்போது மிக்1 புரதம் கேல் மரபணுக்களை அடக்கி வைக்கிறது. அந்த அடக்கம் முழுமையாக விலகச் சில மணி நேரம் ஆகும். ராஃபினோஸ் என்ற சர்க்கரையில் வளர்ந்த செல்களில் இந்த அடக்கம் இராது; கேல்80 மட்டுமே, கேல் மரபணுக்களைத் தூண்டும் கேல்4 புரதத்தைத் தடுத்து வைத்திருக்கும். காலாக்டோஸ் சேர்ந்ததும் கேல்3 அந்தத் தடையை நீக்கிவிடுவதால், சில நிமிடங்களிலேயே ஆர்.என்.ஏ. தென்படத் தொடங்கும்.

கிளிசரால் தட்டைப் பார்க்காமல் விடுவது

இன்றளவும் எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான். வேறோர் ஆய்வகத்தின் மாணவர் ஒருவர், பணி இன்னதென்று தெரியாத ஒரு மரபணுவை பிஒய்4741 என்ற ஆய்வக ஈஸ்ட் வகையில் நீக்கி, கிடைத்த காலனிகளில் ஒன்றை மட்டும் உறையவைத்து, அதிலிருந்து ஆர்.என்.ஏ. வரிசையறிதல் வரை சென்றுவிட்டார். சிஐடி2 மரபணுவின் வெளிப்பாடு பன்மடங்கு உயர்ந்திருந்தது. மைட்டோகாண்ட்ரியா தொடர்பான மரபணுக்களைக் கட்டுப்படுத்தும் புதிய புரதம் கிடைத்துவிட்டதாக முடிவுசெய்து, அம்புக்குறிகளோடு ஒரு வரைபடமும் போட்டிருந்தார். கிளிசராலில் வளர்கிறதா என்று கேட்டேன். அவர் சோதித்திருக்கவில்லை. மூன்று நாள் கழித்துத் தட்டில் ஒன்றும் முளைக்காததைக் கண்டு, தம் கருத்துக்கு அதுவும் ஒரு சான்று என்று மகிழ்ந்தார்.

நடந்தது வேறு. மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வை இழந்த ஈஸ்ட், நொதித்தலை மட்டும் நம்பி வாழும். குளுக்கோஸ் தட்டில் சற்றே சிறிய காலனியாகத் தெரியும், சுவாசித்தால் மட்டுமே பயன்படுத்த முடிகிற கிளிசராலில் வளராது. பிரான்சில் போரிஸ் எஃப்ருசி 1949-இலேயே விவரித்த பெட்டிட் காலனிகள் இவை. பிஒய்4741-இன் மூலமான எஸ்288சி வகையில் எம்ஐபி1, சிஏடி5, எஸ்ஏஎல்1 ஆகிய மரபணுக்களின் குறையுள்ள வடிவங்கள் இருப்பதால், இந்த இழப்பு அதில் மேலும் எளிதாக நேர்கிறது. மைட்டோகாண்ட்ரியா செயலிழந்தால் ஆர்டிஜி1, ஆர்டிஜி3 புரதங்கள் உட்கருவில் சிஐடி2-ஐத் தூண்டிவிடும். ஆகவே, நீக்கப்பட்ட மரபணு எதுவாக இருந்தாலும் அந்த மாணவருக்கு இதே வரைபடம் கிடைத்திருக்கும்.

இதை உறுதிசெய்வது கடினமன்று. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அறவே இல்லாத, ஆனால் உட்கரு மரபணுக்கள் பழுதற்ற, எதிர் இணைவகை ஈஸ்டோடு சந்தேகத்திற்குரிய ஈஸ்டை இணையவிட்டால், குறை உட்கருவில் மட்டும் இருக்கும்போது இணைந்த செல் கிளிசராலில் வளரும், மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. போயிருந்தால் வளராது. அவருடைய ஈஸ்ட் வளரவில்லை. புதிதாகத் தனித்தனியே நீக்கம் செய்து எடுத்த காலனிகள் கிளிசராலில் நன்றாகவே வளர்ந்தன. சிஐடி2-உம் இயல்பாக இருந்தது. வரிசையறிதலுக்குச் செலவிட்ட பணமோ திரும்பி வரவில்லை.

சில மரபணுக்களை நீக்கினால் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. உண்மையாகவே நிலைக்காது; அந்த டி.என்.ஏ.வை நகலெடுக்கும் எம்ஐபி1 அத்தகையது. ஆனால் அப்போது தனித்தனியே எடுத்த எல்லாக் காலனிகளிலும் அந்த இழப்பு தெரியும். உறையவைக்கும் முன் ஒவ்வொரு புதிய காலனியையும் கிளிசராலில் ஒற்றி எடுக்க ஒரு தட்டுதான் செலவு. அதைச் செய்யச் சொன்னால் நேரமில்லை என்கிறார்கள்.

அம்மோனியம் சல்பேட் ஊடகத்தில் ஜி418

ஜி418 என்ற நுண்ணுயிர்க்கொல்லி இந்த ஊடகத்தில் சரியாக வேலை செய்யாது. அம்மோனியம் சல்பேட்டுக்குப் பதில் மோனோசோடியம் குளூட்டமேட் இடுங்கள்.

டபிள்யூ303-க்கு அடினின் போதாமை

இந்த வகை ஈஸ்டால் அடினினைத் தானே தயாரிக்க முடியாது. ஊடகத்தில் அது குறைந்தால் செல்கள் சிவந்துவிடும், அந்த நிறமி நுண்ணோக்கியில் ஒளிர்ந்து உங்கள் அளவீட்டைக் கெடுக்கும்.

பக்கத்து மரபணுவை மறப்பது

ஈஸ்டின் 16 குரோமோசோம்களில் மரபணுக்கள் நெருக்கியடித்து அமைந்துள்ளன. கேல்1, கேல்10 ஆகியவை எதிரெதிர்த் திசையில் ஓடினாலும், இடையிலுள்ள ஒரே கட்டுப்பாட்டுப் பகுதியைப் பகிர்ந்துகொள்கின்றன. இத்தகைய இடத்தில் புரமோட்டரோடு சேர்த்து வெட்டினால் இரண்டு மரபணுக்களும் கெடும். வெட்டும் எல்லையை வரைபடத்தில் பார்த்துவிட்டுப் பிரைமர் (வெட்டும் இடத்தைக் குறிக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) வாங்குங்கள்.