கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் கேபினெட்டைத் திறங்கள்

பாளையங்கோட்டையில் இருக்கும் அக்கா மகன் போன மே மாத லீவில் போன் போட்டான். வீட்டு கம்ப்யூட்டரில் கேம் ஆட, திரையில் வரும் படத்தை வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டு வேண்டுமாம். "மாமா, நல்ல கிராபிக்ஸ் கார்டு ஒண்ணு சொல்லுங்க. 8 ஜிபி இருந்தாப் போதும்லா?" என்ன மானிட்டர், கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி எது, கேபினெட்டுக்குள் எவ்வளவு இடம் என்று நான் திருப்பிக் கேட்டதற்கு ஒன்றுக்கும் பதில் இல்லை. "கார்டு இருக்கட்டும்டே. ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வை, ஞாயித்துக்கிழமை வாரேன்" என்றேன். அன்று தரையில் உட்கார்ந்து நாங்கள் பார்த்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன். கார்டின் பெயர் வர நேரமாகும்.

படி 1: மானிட்டரைப் பாருங்கள்

அவனுடையது 1920 × 1080, 60 ஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 60 படம்தான் அது காட்டும். கார்டு 140 படம் வரைந்து தள்ளினாலும் கண்ணுக்கு வருவது 60தான். இந்த மானிட்டரை மாற்றும் எண்ணம் இல்லையென்றால் பெரிய கார்டுக்குப் பணம் கொட்ட வேண்டியதில்லை. பழைய மானிட்டரில் நீல விஜிஏ சாக்கெட் மட்டும் இருந்தால் இன்னொரு சிக்கல்: புதுக் கார்டுகளில் எச்டிஎம்ஐயும் டிஸ்ப்ளே போர்ட்டும்தான் இருக்கும். கன்வெர்ட்டர் செலவையும் கணக்கில் சேருங்கள்.

படி 2: இருப்பதை வைத்து ஓடுமா?

கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர், அவனுடையதில் ரைசன் 5 5600ஜி. பெயரில் இருக்கும் அந்த 'ஜி'க்கு, உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது என்று அர்த்தம். இன்டெலில் பெயர் 'எஃப்' என்று முடிந்தால் அது கிடையாது, கார்டு இல்லாமல் திரையே வராது.

உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி இல்லை. கம்ப்யூட்டரின் பொது மெமரியான ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். அவன் மதர்போர்டில் ஒரே ஒரு 8 ஜிபி ராம் குச்சி. ஒற்றை மாட்டில் பூட்டிய வண்டி மாதிரி. அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி குச்சி போட்டாலே வாலரன்ட், மைன்கிராஃப்ட் மாதிரி லேசான கேம்கள் நன்றாகவே தேறும். அதுவே போதும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு மிச்சப் பணத்தை வீட்டில் கொடுத்துவிடலாம். குச்சியைப் போட்ட பிறகும் அவனுக்கு மனசு ஆறவில்லை. சரி, கார்டுக்கே வருவோம்.

படி 3: எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரைப் படியுங்கள்

அவசரப்படாமல் உட்கார வேண்டிய இடம் இது. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, போன் டார்ச் அடித்துப் பார்த்தோம். பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருந்தது. அதை விட்டுவிட்டு கீழே இருக்கும் பொடி எழுத்துக் கட்டத்தைப் பாருங்கள். +3.3வி, +5வி, +12வி என்று இருக்கும். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது பெரும்பாலும் 12 வோல்ட் வரிசையில் இருந்துதான். அவன் எஸ்எம்பிஎஸ்ஸில் அந்த வரிசைக்கு நேரே 14ஏ, அதாவது 14 ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட்.

12 × 14 = 168 வாட்.

"மீதி எங்க போச்சு மாமா?"

"ஸ்டிக்கர் அடிச்சவன்கிட்டதான் கேக்கணும்."

இனி செலவுக் கணக்கு. 5600ஜி முழு வேலையில் ஏறக்குறைய 88 வாட் வரை இழுக்கும். ஆர்எக்ஸ் 6600 கார்டு 132 வாட். இரண்டும் சேர்ந்து 220. இருப்பதோ 168. மாட்டியிருந்தால் கேம் சூடுபிடிக்கும் நேரத்தில் மெஷின் பட்டென்று அணைந்திருக்கும், இல்லை கருகின வாடை வந்திருக்கும். 70 வாட் மட்டும் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கார்டு போட்டாலும் 158. விளிம்பில் நடக்கிற கதை, ஃபேனுக்கும் டிஸ்க்குக்கும் மிச்சமில்லை.

ஆக முதலில் வாங்கியது 550 வாட் எஸ்எம்பிஎஸ், கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 ப்ளஸ் ப்ரான்ஸ் முத்திரை உள்ளது, 12 வோல்ட்டில் 45ஏ. கார்டு வாங்க வைத்திருந்த பணத்தில் இப்படி ஓட்டை விழுகிறதே என்று அவன் முகம் சுண்டிப்போனது உண்மை. இதில் மிச்சம் பிடிப்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஒயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. போர்டின் ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட்தான் கார்டுக்குக் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் 6 பின் ஒயர் 75, 8 பின் ஒயர் 150 வாட் தரும். பிராசசருக்குப் போகும் ஒயரும் 8 பின்தான், ஆனால் உள்ளே வயரிங் வேறு. அது 4+4 ஆகப் பிரியும், கார்டுக்கானது 6+2 ஆகப் பிரியும். நுழையாததை அமுக்கி நுழைக்காதீர்கள்.

அப்புறம் யுபிஎஸ். கரண்ட் வந்து வந்து போகும் தெருக்களில் பலர் வைத்திருப்பது 600விஏ. அது ஏறக்குறைய 360 வாட் தாங்கும். இந்த அளவு மெஷினுக்கும் மானிட்டருக்கும் சேவ் பண்ணி அணைக்க நேரம் கிடைக்கும். பவர் கட்டில் உட்கார்ந்து கேம் ஆட முடியாது.

படி 4: டேப்பை எடுங்கள்

அக்காவின் தையல் டேப்பை வாங்கி, பின்பக்கத் தகட்டில் இருந்து முன்பக்க ஃபேன் வரை வைத்துப் பார்த்தோம். 29 சென்டிமீட்டர். ஆனால் நடுவில் ஹார்ட் டிஸ்க் கூண்டு நீட்டிக்கொண்டிருந்ததால் உண்மையில் கிடைத்தது 24. இரண்டு ஃபேன் வைத்த சிறிய கார்டுகள் பெரும்பாலும் 20 முதல் 24க்குள் அடங்கும். மூன்று ஃபேன் என்றால் கடைக்காரரிடம் நீளம் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஆபீசில் கழித்துவிட்ட ஒல்லி டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்டு மட்டுமே நுழையும், அதுவும் தனி ஒயர் கேட்காததாகப் பார்க்க வேண்டும்.

படி 5: இப்போது கார்டு

ஜிபியை, அதாவது கார்டின் மெமரி அளவை மட்டும் பார்த்து வாங்குவதுதான் ஊரில் நடக்கும் பெரிய தப்பு. ஜிடி 730இல் 4 ஜிபி போட்டு விற்பார்கள். அதை வைத்து இன்றைய கேம் ஒன்றும் நகராது. பெயர் ஒன்றாக இருந்து சரக்கு வேறாக இருப்பதும் உண்டு: ஜிடி 1030இல் டிடிஆர்4 மெமரி போட்டது, ஜிடிடிஆர்5 போட்டதை விட ரொம்பவே மந்தம். ஆர்டிஎக்ஸ் 3050இல் 6 ஜிபியும் 8 ஜிபியும் மெமரியில் மட்டும் வேறுபட்டவை அல்ல. 6 ஜிபி கார்டின் சிப்பும் கொஞ்சம் சிறுத்தது. பில்லில் முழுப் பெயரும் இருக்கட்டும்.

1080பி (1920 × 1080) மானிட்டருக்கு, புதுக் கேம்களும் ஆட, இன்றைக்கு 8 ஜிபி வேண்டும். எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றவே முடியாது என்பவர்களுக்கு 3050 6 ஜிபி, அதுவும் 12 வோல்ட் கணக்கு ஒத்துவந்தால். மாற்ற முடிந்தவர்களுக்கு ஆர்எக்ஸ் 6600, கை தாராளம் என்றால் ஆர்டிஎக்ஸ் 4060 அல்லது 5060. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை நான் யாருக்கும் சொல்வதில்லை. 4 ஜிபிதான், போதாததற்கு போர்டோடு பேச நான்கு பாதைதான் வைத்திருக்கிறது. 5600ஜி, போர்டும் கார்டும் பேசும் பாதையின் பழைய தலைமுறையான பிசிஐ 3.0 வேகத்தில் நின்றுவிடுவதால் அந்த நான்கு பாதையும் பாதி வேகத்தில் ஓடும். மருமகன் 6600ஐ எடுத்துக்கொண்டான்.

படி 6: புதிதா, பழையதா?

2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங், அதாவது கார்டுகளை ஓட்டி டிஜிட்டல் காசு சம்பாதிக்கும் வேலை நின்றபோது, அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் பழைய சந்தைக்கு வந்து குவிந்தன. எல்லாமே கெட்டது என்று சொல்ல மாட்டேன், ஃபேன் தேய்ந்திருக்கும். ஜிடிஎக்ஸ் 10 வரிசையை மலிவாகக் கொடுத்தாலும் யோசியுங்கள், புதுக் கேம்களுக்கான டிரைவர் (கார்டை இயக்கும் சாஃப்ட்வேர்) அதற்கு 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது.

போலிகளும் உண்டு. பழைய சிப் உள்ள கார்டின் பயாஸை (அதற்குள் எழுதப்பட்டிருக்கும் சாஃப்ட்வேரை) மாற்றி எழுதி, 1050 டிஐ என்று பெயர் காட்ட வைத்து விற்பார்கள். ஜங்ஷனில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஏதோ ஒரு அல்வா டப்பாவை வாங்கி, வீட்டுக்குப் போய் முழிக்கிற கதைதான். விற்பவர் வீட்டிலேயே ஜிபியு-இசட் என்ற இலவச சாஃப்ட்வேரைப் போட்டுப் பாருங்கள், அது பிடித்த போலியின் பெயருக்கு முன்னால் ஃபேக் என்றே காட்டும். பிறகு 20 நிமிஷம் ஒரு கனமான கேமை ஓட்டச் சொல்லுங்கள். "அவ்ளோ நேரம் எதுக்கு அண்ணாச்சி?" என்று இழுப்பவரிடம் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

படி 7: மாட்டுதல்

கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் உலோகத்தை ஒருமுறை தொடுங்கள். பிராசசருக்குப் பக்கத்தில் இருக்கும் நீள ஸ்லாட்டில் கார்டை நேராக வைத்து, கடைசியில் 'டிக்' என்று கொக்கி விழும்வரை அழுத்துங்கள். ஸ்க்ரூ, பவர் ஒயர், அவ்வளவுதான். டிரைவரை, கார்டின் சிப்பைத் தயாரித்த கம்பெனியின் தளத்தில் இருந்தே இறக்குங்கள்.

மானிட்டர் ஒயரைக் கார்டில் சொருக வேண்டும். சிரிக்காதீர்கள். என் முதல் கார்டை வாங்கியபோது பழைய பழக்கத்தில் மதர்போர்டிலேயே சொருகிவிட்டேன். சில போர்டுகளில் கறுப்புத் திரை வந்து காட்டிக்கொடுத்துவிடும், என்னுடையதில் படம் ஜம்மென்று வந்தது, வரைந்தது மட்டும் பழைய கிராபிக்ஸ். மூன்று நாள் திணறிவிட்டு கார்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. தன் மெஷினைத் திருப்பி, எச்டிஎம்ஐ ஒயர் எங்கே சொருகியிருக்கிறது என்று விரலால் காட்டினார்.

மருமகனுக்கு அது நடக்கவில்லை, நான் பக்கத்திலேயே நின்றேன். வெயிலில் கார்டு 74 டிகிரி காட்டியது, 80க்குள் இருந்தால் கவலை இல்லை. ஆனியும் ஆடியும் வந்தால் மேற்கே இருந்து அடிக்கிற காற்று மொத்தப் புழுதியையும் ஜன்னல் வழியே கொண்டுவரும் என்பதால், கேபினெட்டை மட்டும் ஜன்னலடியில் இருந்து எடுத்து எதிர்ச் சுவரோரம் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.