ஏஆர்டி (எச்ஐவிக்கான கூட்டு மருந்து) எடுப்பவர்களுக்கு ஆணுறை எப்போது தேவை?

முதலில் வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள எச்ஐவி வைரஸின் அளவு) அறிக்கையைப் பாருங்கள். சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்கள்) எண்ணிக்கை இதற்கு உதவாது. வைரல் லோடு ஒரு மில்லி ரத்தத்தில் 200 வைரஸ் பிரதிகளுக்குக் கீழேயே நீடித்து, மாத்திரையும் தவறாமல் போட்டால் உடலுறவில் துணைக்கு எச்ஐவி தொற்றாது. அறிக்கை வந்தபின் பல நாள் மாத்திரை விட்டுப்போனதா? அந்த எண் செல்லாது. ஆணுறையோடு இருந்து, மறுபடி பரிசோதியுங்கள்.

டோலுடெக்ராவிர் (ஏஆர்டி மருந்துகளில் ஒன்று) போடுபவர்கள் வயிற்றெரிச்சலுக்கு ஆன்டாசிட் குடித்தால் எச்ஐவி மருந்து உடலில் சரியாகச் சேராது, வைரல் லோடு கூடலாம். மாத்திரையை அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ போடுங்கள்.

சிபிலிஸ், கொனோரியா போன்ற பால்வினை நோய்களை ஏஆர்டி தடுக்காது. புதுத் துணையென்றால் ஆணுறை கட்டாயம். தேங்காய் எண்ணெய் தடவவே கூடாது (பலர் செய்வது இதைத்தான்), லேட்டக்ஸ் (ரப்பர்) உறை கிழிந்துவிடும். தண்ணீரில் கரையும் ஜெல் வாங்குங்கள். வைரல் லோடு கூடியிருக்கும்போது உறை கிழிந்தால், எச்ஐவி இல்லாத துணை 72 மணி நேரத்துக்குள் 28 நாள் தடுப்பு மருந்தைத் தொடங்க வேண்டும்.