மாடிஃபை செய்த கார் வாங்கும்போது சறுக்கும் இடங்கள்

போன மாசம் சித்தப்பா மகன் ஒரு காரைப் பார்க்கக் கூப்பிட்டான். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு. முற்றத்துக் கொடியில் ரப்பர் ஷீட் காய்ந்துகொண்டிருந்தது. ஓட்டுக் கொட்டகைக்குள் தரையோடு தரையாக இறக்கிய ஒரு டர்போ பெட்ரோல் கார். சாவியைத் திருப்பியதும் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. தம்பிக்கு அப்போதே மனசு சாய்ந்துவிட்டது. நான் பானெட்டில் கை வைத்துப் பார்த்தேன். சூடு.

"காலைல எடுத்தீங்களா அண்ணே?"

"இல்ல மக்கா, நேத்து ராத்திரி கொண்டு போட்டதுதான்."

முதல் தவறு இதுதான், சூடான எஞ்சினைப் பார்த்துவிட்டு வருவது. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ எண்ணெய் குடிக்கிறதா, எஞ்சினுக்குள் ஓடும் செயின் சத்தம் போடுகிறதா என்பதெல்லாம் ஆறிக் கிடந்த எஞ்சினை எழுப்பும்போதுதான் நன்றாகத் தெரியும். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. குளிர்ந்த காலையில் கொஞ்சம் வெண்புகை வருவது இயல்பு, எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல் வந்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் சிலிண்டருக்குள் போகிறது என்று சந்தேகப்படலாம்.

அடுத்து விலை. "இதுல மட்டும் நாலு லட்சம் இறக்கியிருக்கேன்" என்றார் கார்க்காரர். பொய்யில்லை, பில்கூட வைத்திருந்தார். ஆனால் அவருடைய ஆசைக்கு அவர் செலவழித்த காசை நாம் எதற்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்? அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டைக்குத் தையற்கூலி கேட்பது மாதிரிதான். அதே மாடல், அதே வருஷத்துச் சாதா கார் என்ன விலைக்குப் போகிறதோ அதற்குக் கீழேதான் பேச்சைத் தொடங்க வேண்டும். கழற்றிய ஒரிஜினல் பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். சைலன்சர், ஸ்பிரிங், வீல் எல்லாம் கையில் இருந்தால் காரைப் பழையபடி மாற்றலாம். இல்லையென்றால் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான்.

இனி முக்கியமான விஷயம். எல்லோரும் என்னென்ன மாற்றியிருக்கிறது என்றுதான் கேட்கிறார்கள். எதை மாற்றாமல் விட்டார் என்று கேட்பதில்லை. ரீமேப் போட்டு, அதாவது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் புரோகிராமை மாற்றி, டார்க் என்கிற திருப்புவிசையை ஏற்றிவிட்டு கிளட்ச், பிரேக், கூலிங் மூன்றையும் கம்பெனி கொடுத்தபடியே விட்டிருந்தால், அவர் அனுபவித்தது வேகம், நமக்கு வருவது செலவு. ஒரு உதாரணம் சொல்கிறேன். 2016-இல் இங்கே வந்த ஸ்கோடா சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐயில் மேனுவல் கியர் என்றால் 320 நியூட்டன் மீட்டர் டார்க், டிஎஸ்ஜி என்கிற ஏழு கியர் ஆட்டோமேட்டிக் என்றால் 250தான். எஞ்சின் ஒன்றே. அந்த டிரை கிளட்ச் கியர்பாக்ஸின் தாங்குசக்தி 250 என்பதால் தயாரித்தவர்களே அடக்கி வைத்தார்கள். அதே வகை கியர்பாக்ஸ் உள்ள காரில் ஒருவர் 'ஸ்டேஜ் 2' (இன்னும் பலம் ஏற்றிய ரீமேப்) என்று பெருமையாகச் சொன்னால், கிளட்ச் பேக் எப்போது மாற்றினீர்கள் என்பதுதான் உங்கள் கேள்வி. மேப் போட்டது யார், எந்தப் பெட்ரோலுக்குப் போட்டது என்றும் கேளுங்கள். உயர் ஆக்டேன் பெட்ரோலுக்கு இறுக்கிப் போட்ட மேப்பில் சாதா பெட்ரோலை ஊற்றி ஓட்டினால் எஞ்சினில் நாக்கிங் வரும், அதாவது பெட்ரோல் முறைதவறி வெடித்துத் தட்டும், நாள்பட்டால் பிஸ்டன் போகும்.

"செக் எஞ்சின் லைட் எரியல, பார்த்துக்கிடுங்க" என்பார்கள். அதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றிய காரில், அந்த லைட் எரியாமலிருக்க மேப்பிலேயே வழி செய்திருப்பார்கள். பழுதுக் குறியீடுகளை முந்தின நாள் அழித்தும் வைத்திருக்கலாம். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஒரு ஓபிடி ஸ்கேனரைச் செருகி 'ரெடினஸ்' பக்கத்தைப் பாருங்கள். கார் தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடியவில்லை என்று காட்டினால் சமீபத்தில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட்டும் செய்துவிடுங்கள். எல்லா சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும்.

ஓட்டிப் பார்க்க ஆரல்வாய்மொழிப் பக்கம் போகாதீர்கள். ரோடு நன்றாக இருக்கும்தான். ஆனால் கணவாய்க் காற்றில் எந்தக் காரும் ஒரு பக்கம் இழுக்கும், அலைன்மென்ட் கோளாறா காற்றா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஊருக்குள் குண்டும் குழியுமான ஒரு ரோட்டில் காரில் ஓடும் பாட்டை நிறுத்திவிட்டு மெதுவாக ஓட்டுங்கள். இறக்கிய சஸ்பென்ஷனில் ரப்பர் புஷ் தேய்ந்து போயிருந்தால் அங்கேதான் டக் டக்கென்று கேட்கும். இறங்கிய பிறகு டயரின் உள் ஓரத்தில் கையால் தடவுங்கள். வெளியே புதுசாகவும் உள்ளே மொட்டையாகவும் இருந்தால் கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, சரியில்லை.

குளச்சல், முட்டம் என்று கடலோரத்தில் கிடந்த கார் என்றால் லிஃப்டில் ஏற்றாமல் முடிவெடுக்காதீர்கள். உயரத்தை மாற்றும் ஸ்பிரிங் செட்டான கோயிலோவரின் மரையில் உப்புத் துரு ஏறினால் உயரத்தை மாற்றவே முடியாது. கேரள எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த பழைய வண்டி என்றால் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். 2018 வெள்ளத்தில் கேரளத்தில் எத்தனையோ கார்கள் மூழ்கின. சீட்டைக் கழுவலாம், பெல்ட்டின் அடிநுனியில் படிந்த சேற்றுக் கோடு பல நேரம் அப்படியே இருக்கும்.

அப்புறம் பேப்பர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்சியில் (பதிவுச் சான்றில்) உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். பழைய ஓனர் மாட்டிய எக்ஸாஸ்டுக்கும் ரோட்டில் நிறுத்தி விசாரிக்கப்படுவது ஓட்டுகிற நீங்கள்தான். எஞ்சினையே மாற்றியிருந்தால், பிளாக்கில் உள்ள நம்பரும் ஆர்சியில் உள்ள நம்பரும் ஒன்றா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாத மாற்றம் இருந்தால் கிளெய்ம் நேரத்தில் இழுபறிதான். கேஎல் நம்பர், அதாவது கேரளப் பதிவு என்றால் அங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று), கடன் இருந்தால் அதை ஆர்சியிலிருந்து நீக்கிய சான்று, இங்கே கட்ட வேண்டிய லைஃப் டாக்ஸ் எல்லாவற்றையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். பழைய சலான் பாக்கி இருக்கிறதா என்பதை வண்டி நம்பர் போட்டு பரிவாகன் தளத்தில் அங்கேயே நின்று பார்த்துவிடலாம்.

அந்த வீட்டில் ஒரிஜினல் சைலன்சர் எங்கே என்று கேட்டேன். அண்ணன் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போனார். கோழிக்கூட்டுக்கு முட்டுக் கொடுத்து நின்றது. பரவாயில்லை, தூக்கிப் போடவில்லையே. நேற்று அவரே போன் செய்தார், ஒன்றரை லட்சம் குறைத்திருக்கிறாராம். ஆர்சியில் கலர் இன்னும் வெள்ளை என்றுதானே இருக்கிறது, வண்டி கறுப்பாச்சே என்றேன். "அது பார்த்துக்கிடலாம் மக்கா" என்றார். தம்பியிடம் இன்னும் சொல்லவில்லை.