கூட நின்றவருக்குத் தீக்காயம் பட்டால்: தன்னார்வலர் குழுக்களுக்கு

வைக்கப்படப்பு எரிந்தாலும், பனையேறிகளின் ஓலைக் குடிசையான பனைவிடிலி எரிந்தாலும், 101-க்குப் போன் போட்டுவிட்டு வண்டி வருமுன் தீயோடு மல்லுக்கட்டுவது ஊர்த் தன்னார்வலர்கள்தான். அதில் ஒருவருக்குக் காயம் பட்டால் பத்துப் பேர் பத்து யோசனை சொல்வார்கள். அதனால் அந்த நிமிடமே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஆஸ்பத்திரி, வீடு, காகிதம் மூன்றும் அவர் தலையில். மற்றவர்கள் தீயைப் பார்க்கட்டும்.

முதலில் மோதிரம், வாட்ச், கையில் கட்டிய கோயில் கயிறு எல்லாவற்றையும் கழற்றுங்கள். கை வீங்கினால் கயிறு இறுகி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். அறுக்கத் தயங்க வேண்டாம், சாமி கோவிச்சுக்காது. பிறகு 20 நிமிடம் தண்ணீர். பம்புசெட் குழாயின் வேகத்தில் கையை நேராக நீட்டினால் தோல் உரிந்துவிடும். வாளியில் பிடித்துச் சொம்பால் மெதுவாக ஊற்றுங்கள். ஐஸ், பேஸ்ட், பேனா மை, இட்லி மாவு எதுவும் வேண்டாம். ஒட்டிய துணியைப் பிய்க்காமல், சுத்தமான வேட்டியால் தளர்வாக மூடுங்கள். குரல் கம்மினாலோ, சளியில் கரி வந்தாலோ, மூக்கு முடி கருகியிருந்தாலோ புகை உள்ளே போயிருக்கிறது. ஆள் தெம்பாகப் பேசினாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 98 காட்டுகிறதே என்று நம்பி உட்காரக் கூடாது. புகையிலிருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு ஏறிய ரத்தத்தையும் அது நல்ல ரத்தமாகவே காட்டும்.

பெரும்பாலான குழுக்கள் கோட்டை விடுவது ஆஸ்பத்திரி வாசலில்தான். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியானாலும் தாலுகா ஆஸ்பத்திரியானாலும் காயத்தோடு போனால் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று பயந்து, கூடப் போனவர் “வீட்டுல அடுப்புல சுட்டுட்டு” என்று சொல்லிவிடுகிறார். அந்த ஒரு வரி பின்னால் இழப்பீடு கேட்கும்போது சிக்கலாகிவிடும். நேரம், இடம், என்ன எரிந்தது, தீயணைக்கும்போது பட்ட காயம் என்று உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். போலீசுக்குத் தகவல் போவது வழக்கமான நடைமுறைதான். ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு மூன்றையும் அன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

இன்சூரன்ஸ் விஷயத்தைத் தீ வருமுன்னே முடித்திருக்க வேண்டும். பிரதமரின் சுரக்ஷா பீமாவுக்கு வருடத்துக்கு 20 ரூபாய். வயது 18 முதல் 70 வரை. விபத்து மரணத்துக்கு 2 லட்சம், ஒரு கையோ காலோ முழுதாகச் செயலிழந்தால் 1 லட்சம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு அது பைசா தராது. அதற்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்க்கவும்.

பார்க்கப் போவதிலும் ஒழுங்கு வேண்டும். முதல் வாரம் வார்டு நிறைய ஆள், மூன்றாவது வாரம் ஈ காக்கை இல்லை, இதுதான் நடக்கிறது. தீக்காயத்துக்குக் கூட்டமே ஆபத்து, தொற்று வரும். ஒரு நாளைக்கு ஒருவர், கை கழுவிவிட்டு, பத்து நிமிடம். மீதிப் பேர் வீட்டுப் பக்கம் போங்கள். “ஏதாவது வேணும்னா சொல்லுங்க மைனி” என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். “மைனி, நாளைக்கு ரேஷன் நான் வாங்கிட்டு வாரேன்” என்று சொல்லுங்கள். புண் சீழ் பிடிக்கும் என்று வீட்டில் முட்டையும் மீனும் நிறுத்தியிருப்பார்கள். தோல் வளரப் புரதம் வேண்டும். டாக்டரையே வீட்டுக்காரர்களிடம் சொல்லச் சொல்லுங்கள்.

வாயைக் கட்டுவதுதான் கஷ்டம். “ஏம்ல உள்ள போன?” என்ற கேள்வியைப் படுக்கை ஓரத்தில் கேட்காதீர்கள். என்ன தவறு நடந்தது என்று பேசத்தான் வேண்டும். அவர் எழுந்து நடமாடியபின், குழு முழுவதும் உட்கார்ந்து, ஹோஸ் எங்கே இருந்தது, காற்று எந்தப் பக்கம், பின்பக்கத்தை யார் கவனித்தது என்ற வரிசையில் பேசுங்கள். காயத்தின் போட்டோ வாட்ஸ்அப்பில் சுற்றினால் அழிக்கச் சொல்லுங்கள். பட்டப்பெயர் வைக்கும் நம்மூர்க் குசும்பு இந்த இடத்தில் வேண்டவே வேண்டாம். ஒரு மாதம் தாண்டியும் தூக்கமில்லை, புகை வாடைக்கே உடம்பு நடுங்குகிறது என்றால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணைக் கொடுங்கள்.

திரும்பி வருபவரை “நீ சும்மா இருப்பா” என்று ஓரம் கட்டுவது காயத்தைவிட வலிக்கும். வராத நாளிலும் டூட்டிப் பட்டியலில் பெயர் இருக்கட்டும். முதலில் போன் எடுப்பது, வண்டிக்கு வழி காட்டுவது; டாக்டர் சரி என்றபின் பம்பு. 63 மில்லிமீட்டர் ஹோஸைப் பிடிக்கும் வேலை கடைசியில். காயத்தில் ஆபரேஷன் செய்து வைத்த ஒட்டுத்தோல் சரியாக வியர்க்காது. அக்னி நட்சத்திர வெயிலில் அவருக்குச் சீக்கிரம் சூடேறிவிடும், நிழலில் நிறுத்துங்கள். கையுறை வாங்கும்போது அவருக்கு ஓர் அளவு பெரிதாக வாங்குங்கள். உள்ளே, தழும்பு தடிக்காமல் அழுத்தி வைக்கும் பிரஷர் கையுறை போட்டிருப்பார்.